கந்தையும் கலையாகும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம் முன்னோர் வாக்கு. கந்தையைக் கசக்கிக் கட்டுவதோடு, சேர்த்துத் தைத்தால் அழகிய பொருளாக்கவும் முடியும் என்பதை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பொழுதுபோக்கு என்றதும் தபால்தலை சேர்ப்பதும், தோட்டமிடுவதும், படம் வரைவதும் நம் நினைவுக்கு வருகின்றன. துண்டுத் துணிகளை இணைத்து ஒட்டுப் போர்வையும், சிறுசிறு கைப்பொருள்களும் தைப்பதும் சிறந்ததொரு பொழுதுபோக்கே. இதற்குச் செலவு குறைவு, பயன் அதிகம். ஆனால் தோழியரே, இந்த உண்மையை நான் எளிதில் அறிந்துகொள்ளவில்லை. வெட்கத்தோடுதான் அறிந்துகொண்டேன்.

என் அம்மா வீட்டில் தையல் இயந்திரம் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார்கள். தைத்தபின் மிஞ்சும் துண்டுகளை ஒரு பழைய தலையணை உறையில் சேர்த்து வைப்பார்கள். எட்டாம் வகுப்பில் நான் விடுதியில் சேர்ந்தபோது, அத்துண்டுகளால் எனக்கென்று ஒரு போர்வை தைத்துக் கொடுத்து அனுப்பினார்கள். முதல் நாள் இரவு அதை விரித்ததும் ஒருத்தி, "என்னடி இது, பூம்பூம் மாட்டின் முதுகில் போடுகிற துணி மாதிரி இருக்கிறதே!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் காலையில் போர்வையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பார்வையாளர் ஞாயிறு அன்று அம்மா வந்து, "போர்வை குளிருக்குக் காணுதா?" என்று கேட்டபோது, "காணுதம்மா" என்று சொல்லிவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் தையல் ஆசிரியை, கைத்தையலுக்கு ஒரு மாதிரி கொண்டுவரும்படி எல்லாரிடமும் சொன்னார்கள். என்னிடம் வேறொன்றும் இல்லாததால் தயங்கித் தயங்கி அந்தப் போர்வையை எடுத்துச் சென்றேன். ஆசிரியை அதை மேசைமேல் விரித்தார்கள். வண்ணங்களைப் பார்ப்பதற்கு முன்பே அதைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார்கள். அளவுகோலை வைத்து, "ஓர் அங்குலத்துக்கு ஆறு தையல். தொடக்கத்திலும் ஆறு, முடிவிலும் ஆறு" என்று வகுப்புக்குக் காட்டினார்கள். பிறகு, இத்தகைய போர்வைகளின் வரலாற்றை எங்களுக்கு எடுத்துரைத்தார்கள். அதில் சிலவற்றை இங்கே தருகிறேன்.

ஒட்டுப் போர்வை பெரும்பாலும் மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பஞ்சு அல்லது பழந்துணி, அடியில் ஒரே துணி. இம்மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது ஓட்டுத் தையல். அடுக்குகளுக்கு நடுவே தங்கும் காற்றே உடலின் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. தையல் இல்லையேல் நடுவிலுள்ள பஞ்சு ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். ஆகவே தையல் அழகுக்கு மட்டும் அல்ல. போர்வையின் உயிரே அதுதான்.

வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி வைத்து 'காந்தா' தைக்கிறார்கள். சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலையே தையலுக்குப் பயன்படுத்துவது அவர்களுடைய பழைய வழக்கம். 'கந்தா' என்ற வடசொல்லுக்குக் கந்தல் துணி என்று பொருள். நம்முடைய 'கந்தை'யும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

கர்நாடகத்தின் உத்தர கன்னடா மாவட்டத்துக் காட்டுப் பகுதிகளில் சித்தி இன மக்கள் வாழ்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் போர்த்துக்கீசியரும் அரேபியரும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மக்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். இவர்களில் கத்தோலிக்கரும், இந்துக்களும், முஸ்லிம்களும் உள்ளனர். இப்பெண்கள் தைக்கும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். பழைய சேலையை அடித்துணியாக விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே நடுவை அடைகிறார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் பூப்போன்ற சிறு மடிப்புகளை வைக்கிறார்கள். அதற்குப் 'பூலா' என்று பெயர். அந்தப் பூ இல்லாவிட்டால் போர்வை நிறைவு பெறாது என்பது அவர்கள் எண்ணம். கத்தோலிக்கச் சித்திப் பெண்கள் சிலர் தம் போர்வைகளில் சிலுவை வடிவத்தையும் அமைக்கிறார்கள்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்து செல்லும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள கறுப்பினப் பெண்கள், அடிமைகளாக வாழ்ந்தவர்களின் சந்ததியினர். குளிர்காலத்தில் பிள்ளைகளுக்குப் போர்த்த வேறு வழியின்றி, வயலில் உழைத்துக் கிழிந்த கால்சட்டைகளையும் மாவுச் சாக்குகளையும் வெட்டிப் போர்வை தைத்தார்கள். 1942-ஆம் ஆண்டில் மிசூரி பெட்வே என்ற பெண், இறந்துபோன தன் கணவரின் வேலை உடைகளையே வெட்டி ஒரு போர்வை தைத்து, அவருடைய நினைவாகப் போர்த்திக்கொண்டார். 2002-ஆம் ஆண்டில் இவ்வூர்ப் போர்வைகள் ஹூஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. 2006-ஆம் ஆண்டில் அந்நாட்டு அஞ்சல் துறை பத்துப் போர்வைகளின் படங்களைத் தபால்தலைகளாக வெளியிட்டது. வறுமையில் பிறந்த பொருள் வாழ்த்தும் பெற்றது!

இதைக் கேட்டபின் எனக்கும் தைக்க ஆசை பிறந்தது. கோடை விடுமுறையில் சித்தியின் குழந்தைக்கு ஒரு சிறு போர்வை தைக்கத் தொடங்கினேன். அகலம் 36 அங்குலம், நீளம் 48 அங்குலம். 6 அங்குலச் சதுரங்களாக, ஒரு வரிசைக்கு ஆறு வீதம் எட்டு வரிசைக்கு 48 சதுரங்கள் வேண்டும் என்று கணக்கிட்டு, சரியாக 6 அங்குலத்துக்கே வெட்டினேன். இணைத்து முடித்தபோது அகலம் 33½ அங்குலமும் நீளம் 44½ அங்குலமுமே இருந்தது! துணி எங்கே போயிற்று என்று திகைத்தேன். அம்மா சிரித்துக்கொண்டே, "தையலுக்கு விட்டாயா?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். ஆகவே 6 அங்குலச் சதுரம் வேண்டுமானால் 6½ அங்குலம் வெட்ட வேண்டும். கணக்குப் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெறும் நான், வீட்டில் இந்தக் கணக்கில் தோற்றுப்போனேன். எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து வெட்டினேன். இனி, அம்மா கற்றுக்கொடுத்த முறையை வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, துணியைத் தேர்ந்தெடுத்தல். எல்லாத் துண்டுகளும் பருத்தியாக இருப்பது நல்லது. புதுத் துணியானால் முதலில் நனைத்து உலர்த்த வேண்டும். இல்லாவிடில் பின்னர் அது மட்டும் சுருங்கிப் பக்கத்துத் துண்டை இழுக்கும். சாயம் போகுமா என்று அறிய, ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். நைந்துபோன துணியை மேல் அடுக்கில் சேர்க்கக் கூடாது. நடு அடுக்குக்கு அது உதவும்.

இரண்டாவது, வெட்டுதல். கெட்டியான அட்டையில் 6½ அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டிக்கொண்டு, அதையே அளவாக வைத்து வரைய வேண்டும். பாவு நூல், ஊடை நூல் செல்லும் திசையிலேயே வெட்ட வேண்டும். குறுக்காக வெட்டினால் துணி இழுபட்டுச் சதுரம் கோணிவிடும்.

மூன்றாவது, அடுக்கி இணைத்தல். சதுரங்களைத் தரையில் பரப்பி, வெளிர் நிறத்துக்குப் பக்கத்தில் அடர் நிறம் வருமாறு மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். சற்றுத் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எங்கே நிறம் குவிந்திருக்கிறது என்பது தெரியும். பிறகு ஒவ்வொரு வரிசையாகத் தைத்து, வரிசைகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். முதல் வரிசையின் தையல் மடிப்புகளை இடப்பக்கமும், அடுத்த வரிசையின் மடிப்புகளை வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டால், சந்திக்கும் இடம் தடிக்காது.

நான்காவது, மூன்று அடுக்கையும் பிடித்தல். அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்கும்படி விரித்து, அதன்மேல் பழஞ்சேலையைப் பரப்பி, எல்லாவற்றிற்கும் மேலே இணைத்த துணியை வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சு வேண்டியதில்லை. பழஞ்சேலை இரண்டு மடிப்பே போதும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பெரிய பெரிய தற்காலிகத் தையல் போட்டுக்கொண்டால் அடுக்குகள் நகராது. ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி புடைத்துக்கொள்ளும்.

ஐந்தாவது, ஓட்டுத் தையல். ஓர் அங்குல இடைவெளியில் வரிசை வரிசையாகத் தைக்க வேண்டும். நூலை இழுத்து இறுக்கினால் துணி சுருங்கும். தளர விட்டால் விரலில் மாட்டும். இறுதியில் 2 அங்குல அகலப் பட்டையால் நான்கு ஓரங்களையும் சுற்றி மடித்துத் தைத்து, தற்காலிகத் தையலைப் பிரித்துவிட்டால் போர்வை தயார்.

எடுத்த எடுப்பிலேயே போர்வை தைக்க அஞ்சுபவர்கள் சிறு பொருள்களில் தொடங்கலாம். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணிக்கு இரண்டு சதுரங்களும், நடுவே வைக்கப் பழைய துவாலைத் துண்டும் போதும். ஆனால் சூட்டில் உருகும் நைலான் துணியைச் சேர்க்கவே கூடாது. 4 அங்குல அகலமும் 8 அங்குல நீளமும் உள்ள துண்டை இரண்டாக மடித்து, இரு பக்கமும் தைத்து, வாயில் நாடா கோத்தால் செபமாலைப் பை கிடைக்கும். மரத்தூள் அடைத்துத் தைத்தால் குண்டூசி குத்தி வைக்கும் சிறு மெத்தை ஆகும். தங்கைக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கக் காசில்லையே என்று கவலைப்படும் நிலை இனி நமக்கு இல்லை!

குழந்தையின் போர்வைக்கு ஓட்டுத் தையல் போட எனக்குப் பதினெட்டு நாள்கள் ஆயின. விரல் நுனி காய்த்துப்போயிற்று. அப்போது ஓர் இரவு, என் விடுதிப் போர்வையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். அதன் நீளம் 72 அங்குலம். தையல் வரிசைகள் 47. அங்குலத்துக்கு ஆறு தையல். பெருக்கிப் பார்த்தால் 20,304 வந்தது. பகலெல்லாம் பிறருடைய ரவிக்கைகளைத் தைத்துவிட்டு, இரவில் விளக்கடியில் அமர்ந்து அம்மா போட்ட இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தையல்களை, நான் ஓராண்டுக்கு மேல் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

தோழியரே! நம் வீட்டில் வீணாகும் துண்டுகள் ஏராளம். அவற்றைக் குப்பையில் எறியாமல் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். வரும் விடுமுறையில் ஒரு பிடிதுணியாவது தைத்துப் பாருங்கள். பொறுமை, சிக்கனம், கணக்கு ஆகிய மூன்றையும் ஓர் ஊசி கற்றுத்தரும். அன்று சிரித்த என் தோழியும் இப்போது என்னிடம் ஓட்டுத் தையல் பழகுகிறாள். அவளுடைய தையல் அங்குலத்துக்கு நான்கு வரை வந்திருக்கிறது.

இந்த ஆண்டு மலர் வீட்டுக்கு வரும்போது அம்மாவும் வாசிப்பார்கள். ஆகவே அவர்களிடம் இதுவரை சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். அம்மா, எட்டாம் வகுப்பில் அந்தப் போர்வையை நான் போர்த்தவே இல்லை. நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன், என்னை மன்னித்துவிடுங்கள். இப்போது தினமும் அதைத்தான் போர்த்துகிறேன். குளிருக்கு நன்றாகவே காணுகிறது.