கரும்பைக் காக்கும் குட்டிக் குளவி

ஒட்டுண்ணி அட்டை தயாரிப்பது பற்றிப் பல குழுக்கள் கேட்டிருந்தீர்கள். டிரைக்கோகிரம்மா என்பது கடுகைவிடச் சின்னக் குளவி. கரும்பில் இடைக்கணுப்புழுவின் அந்து இடும் முட்டைக்குள் இது தன் முட்டையை வைத்துவிடும், புழுவே பிறக்காது. அந்த முட்டையைத் தேடி வயல் வயலாக அலைய முடியுமா? அதனால்தான் உடைத்த கம்பில் அரிசி அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டையைக் கொடுத்துக் குளவியை ஏமாற்றுகிறோம். சுமார் 40 நாளில் அந்து வெளிவரும். அதன் முட்டையைப் புற ஊதா விளக்கில் காட்டினால் பொரியாது. அட்டையில் ஒட்டிக் குளவியிடம் விட்டால் 3, 4 நாளில் கறுக்கும். 7, 8 நாளில் குளவி பறக்கும்.

இங்கேதான் உஷார் வேணும். நாங்கள் பார்த்த ஒரு குழுவில், வாங்குவதாகச் சொன்னவர் இரண்டு நாள் தள்ளி வந்தார். குளவியெல்லாம் டப்பாவுக்குள்ளேயே செத்துக் கிடந்தது. அந்த மாதத் தவணையைச் சேமிப்பில் எடுத்துக் கட்டினார்கள். ஆர்டர் உறுதியான பிறகே அட்டை ஒட்டுங்கள். அந்து பிடிக்கும்போது முகமூடி கட்டாயம்; இறக்கைத் தூள் மூச்சிழுப்பைக் கொண்டுவரும்.