கோட்டையும் கல்வெட்டும் சொல்லும் மர்மக் கதைகள்

"கதை என்றாலே பொய்தானே! அதைப் பிள்ளைகளின் கையில் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே இன்றும் உண்டு. அவர்களுடைய அச்சத்தை நான் அடியோடு மறுக்கவில்லை. ஆயினும், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மர்மத்தின் மீதுள்ள ஆவல் இயல்பானது. நாம் நல்ல நூலைக் கொடுக்காவிட்டால் கைப்பேசி வேறொன்றைக் கொடுத்துவிடும். கதை நம் சமுதாயத்திற்குப் புதிதுமன்று. கண்டி அறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்', சிறு வயதிலேயே கடத்தப்பட்ட ஒரு பிள்ளையின் கதைதான்.

வாசகர்களே, அரியலூர் மாவட்டத்தின் கீழப்பழுவூரையும் மேலப்பழுவூரையும் பேருந்தில் கடந்திருப்பீர்கள். பழுவேட்டரையர் ஆண்ட மண் அது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' அவர்களை நாடறியச் செய்தது. அக்கதையின் நடுவில் நிற்பது ஒரு கொலை: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைத் துரோகிகள் எனக் குறிப்பிட்டு, அவர்களையும் உறவினரையும் சேர்ந்த நிலங்கள் கைப்பற்றப்பட்டதை அது கூறுகிறது. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்பதற்கு அதில் விடையில்லை. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இத்தனை பெரிய அறிஞர்கள் முரண்படும் இடத்தில் ஒரு சிறுவனுக்கும் கேள்வி கேட்க இடமுண்டல்லவா?

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். நந்தினி கல்கியின் கற்பனை. ஆனால் அவள் உண்மையில் வாழ்ந்தவள் என்றே நம்பும் பிள்ளைகள் பலர், பெரியவர்களும் குறைவில்லை. பழுவேட்டரையர் என்ற மரபோ உண்மையானது; அவர்களைச் சதிகாரராக்கியது நாவல். இறந்தவர் வந்து மறுப்புரைக்க இயலாது. ஹதீஸ் வகுப்பில் "யார் அறிவித்தார்? அவர் யாரிடம் கேட்டார்?" என்று கேட்டுப் பழகும் மாணவனுக்கு இந்த வேறுபாட்டைப் புரியவைப்பது கடினமன்று. கதையைப் படித்து முடித்ததும், "இதில் கல்லில் உள்ளது எது, கற்பனை எது?" என்று கேளுங்கள். அவனே கோடு கிழிப்பான். சிறுவர்க்கான வரலாற்று மர்மக் கதையை எழுதுவோரும் நூலின் இறுதியில் ஒரு பக்கம் ஒதுக்கி அக்கோட்டைக் காட்டிவிடுவது நல்லது. மேலைநாட்டுச் சிறுவர் நூல்கள் பலவற்றில் இவ்வழக்கம் உண்டு.

கொலை இல்லாத மர்மமும் நம் பக்கத்தில் கிடக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் நிற்கிறது, அரண்மனை எங்கே? மாளிகைமேட்டில் மண்ணைத் தோண்டியபோது செங்கற் சுவர்களும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் வெளிப்பட்டன. கோயில் மதிலின் கற்களோ 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டக் கொண்டு செல்லப்பட்டன. காணாமற் போன கல்லைத் தேடிப் புறப்படும் சிறுவன் இறுதியில் அணைக்கரையில் வந்து நிற்பான்! இதைவிட நல்ல துப்பறியும் கதை வேண்டுமா?

லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் உள்ள நம் பிள்ளைகளுக்கு இன்னும் அருகில் இருப்பது ரஞ்சன்குடிக் கோட்டை. விடுமுறை நாளில் ஏறி இறங்குமிடம் என்பதற்கு மேல் அதைப் பற்றி அவர்கள் அறிந்தது சொற்பம். 1751இல் நவாப் பதவிக்காக முகம்மது அலியும் சந்தா சாஹிபும் மோதியபோது, ஒருவருக்கு ஆங்கிலேயர் துணை, மற்றவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. இரு படைகளும் வாலிகண்டபுரம் அருகே வந்து நின்றன. கோட்டையின் அதிபதி இருவருக்கும் பிடி கொடுக்காமல் காலம் கடத்தினார். ஆங்கிலேயர் பொறுமையிழந்து பேட்டையைத் தாக்கவே, அவர் சந்தா சாஹிபின் பக்கம் சாய்ந்தார். ஆங்கிலப் படை திருச்சியை நோக்கிப் பின்வாங்கியது.

அந்த நாட்களில் கோட்டைக்குள் ஓலை கொண்டு வந்து போன ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவனைக் கற்பனை செய்யுங்கள். அவன் எந்தப் பக்கத்து ஓலையை முதலில் கொடுத்திருப்பான்? இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.