உங்களுக்குத் தெரியுமா? பெரிய பல்கலைக்கழகத்துக்குள் ஒரு சின்னக் கல்லூரி

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஓர் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடும்போது, பல இடங்களில் கூடவே இன்னொரு கேள்வியும் வரும்: ஹானர்ஸில் சேர விருப்பமா? விவரம் தெரியாமல் அதைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்பதற்காகவே இந்த வாரத் தொகுப்பு.

● ஹானர்ஸ் தனிப் பல்கலைக்கழகம் அல்ல. பல்லாயிரம் பேர் படிக்கும் இடத்தில் ஒரு சிறு கூட்டத்தை முதலாண்டிலேயே தேர்ந்தெடுத்து, சிறிய வகுப்புகள், தனி ஆலோசகர், ஆய்வு செய்ய வாய்ப்பு எல்லாம் தரும் ஏற்பாடு. வேதியியலோ பொறியியலோ வரலாறோ, முதன்மைப் பாடத்தை மற்றவர்களோடு சேர்ந்துதான் படிப்பார்கள். ஹானர்ஸ் வகுப்புகள் அதோடு சேர்ந்து வரும்.

● இந்த யோசனையின் தாய்வீடு ஆக்ஸ்ஃபோர்டு. இண்டியானாக்காரரான ஃபிராங்க் ஏடலாட் ரோட்ஸ் உதவித்தொகையில் அங்கே படித்தவர். மாணவர் எழுதி வந்த கட்டுரையை ஆசிரியர் எதிரே உட்கார்ந்து கேட்டு விவாதிக்கும் முறை அவரை ஆட்கொண்டது. 1921இல் பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரிக்குத் தலைவரானார். மறு ஆண்டே அங்கே ஹானர்ஸ் தொடங்கியது. கடைசி இரண்டு ஆண்டுகளில் சில பேர் மட்டுமே உட்காரும் கருத்தரங்குகள். முடிவில் தேர்வு வைப்பவர்கள் வேறு கல்லூரிகளிலிருந்து வரும் அறிஞர்கள். எழுத்துத் தேர்வும் உண்டு, நேர்முகத் தேர்வும் உண்டு. நூறாண்டு கடந்தும் ஸ்வார்த்மோரில் இந்த வெளித்தேர்வாளர் முறை நீடிக்கிறது. பாடம் நடத்தியவர் கையில் மதிப்பெண் இல்லாதபோது ஆசிரியரும் மாணவரும் ஒரே பக்கம் நின்று உழைக்கிறார்கள். கல்வியில் இதைவிட நல்ல உறவு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

● ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் 'பிளான் டூ' 1935லிருந்து நடக்கிறது. இங்கே ஹானர்ஸே முதன்மைப் பாடம். இலக்கியம், தத்துவம், அறிவியல், சமூக அறிவியல் எல்லாவற்றையும் கலந்து படித்து, பி.ஏ. வாங்கலாம். முதலாண்டு மாணவர் எல்லோருக்கும் ஆண்டு முழுக்க உலக இலக்கியம் உண்டு. மருத்துவம் படிக்கப் போகிறவருக்கும் விலக்கில்லை.

● 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏற்றியது. நம் பிள்ளைகள் பின்தங்கிவிட்டார்களோ என்று அமெரிக்கா பதறியது. அதே ஆண்டில்தான் கொலராடோ பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் ஜோசப் கோஹன், கார்னகி கார்ப்பரேஷனின் நிதியோடு, திறமை மிகுந்த மாணவர்களுக்கான பல்கலைக்கழகங்களிடைக் குழு ஒன்றை அமைத்தார். ஏடலாட் கடைசி இரண்டு ஆண்டுகளுக்குக் கொண்டுவந்ததை முதல் நாளிலிருந்தே தர வேண்டும், பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களிலும் தர வேண்டும் என்பது கோஹனின் வாதம். முதலாண்டில் அலட்சியப்படுத்தப்பட்ட மாணவரை மூன்றாம் ஆண்டில் தேடிப் பிடித்து என்ன பயன்? இன்று பள்ளியிலிருந்து நேராக ஹானர்ஸுக்குள் நுழைய முடிவதில் அந்த வாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. குழு 1965இல் கலைந்தது. மறு ஆண்டு தேசிய ஹானர்ஸ் பேரவை உருவாகி, இன்றுவரை இயங்குகிறது.

● ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கிளார்க் ஹானர்ஸ் காலேஜ் 1960லிருந்து இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழக ஹானர்ஸ் கல்லூரிகளில் மிகப் பழைய தலைமுறையைச் சேர்ந்தது.

● நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மெக்காலே ஹானர்ஸ் காலேஜ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1847இல் ஏழைப் பிள்ளைகளுக்காக இலவசக் கல்லூரியாகப் பிறந்தது சிட்டி காலேஜ். பின்னாளில் இந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கமானது. 1976இல் நகரம் நிதி நெருக்கடியில் தவித்தபோது அந்த இலவசக் கல்வி முடிவுக்கு வந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 2001இல், இதே பல்கலைக்கழகம் ஹானர்ஸ் கல்லூரி தொடங்கியது. தேர்வாகும் நியூயார்க் மாநில மாணவருக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது, மடிக்கணினியும் கொடுத்தார்கள். சிட்டி, ஹண்டர், புரூக்ளின், குவீன்ஸ், பரூக் உள்ளிட்ட எட்டுக் கல்லூரிகளில் ஒன்றில் படித்தபடியே மெக்காலேயிலும் மாணவராக இருக்கலாம். 2006இல் வில்லியம், லிண்டா மெக்காலே தம்பதி 3 கோடி டாலர் கொடுத்தார்கள். மன்ஹாட்டனில் சொந்தக் கட்டடம் வந்தது. வில்லியம் மெக்காலே இதே பல்கலைக்கழகத்தில், சிட்டி காலேஜில், படித்தவர்.

மெக்காலேயில் பெரும்பாலும் முதலாண்டு மாணவராகத்தான் நுழைய முடியும். வேறு கல்லூரியில் ஓராண்டு படித்துவிட்டு வந்தால் பொதுவாக இடமில்லை. மகனோ மகளோ நியூயார்க்கில் பள்ளி இறுதியில் இருந்தால் இதை இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

● மெக்காலேயின் கருத்தரங்குகளுக்குப் பாடநூல் நியூயார்க் நகரமேதான். ஒன்றில் நகரத்தின் கலைகள். இன்னொன்றில் இந்த நகரத்துக்கு யார் யார், ஏன் குடிவந்தார்கள் என்ற ஆராய்ச்சி. மாணவர்கள் தெருத்தெருவாகப் போய்க் குடியேறிகளைப் பேட்டி காண்கிறார்கள். எட்டில் ஒன்றான குவீன்ஸ் காலேஜ் ஃப்ளஷிங்கில் இருக்கிறது. 1977இல் குடமுழுக்கு கண்ட விநாயகர் கோயிலும் அதே ஃப்ளஷிங்கில்தான். அப்படியொரு வகுப்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை தன் பாட்டியின் கதையையே ஆய்வுக்கு எடுக்கலாமே!

● விண்ணப்பிக்கும் முறை இடத்துக்கு இடம் மாறும். நியூ ஜெர்சியின் ரட்கர்ஸில் தனி விண்ணப்பம் கிடையாது. பொது விண்ணப்பத்திலிருந்தே அவர்கள் ஆள் எடுப்பார்கள். டெக்சாஸ், பென் ஸ்டேட் போன்ற இடங்களில் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு ஒரு கடைசித் தேதி, ஹானர்ஸுக்கு அதற்கும் முந்திய ஒரு தேதி என்று இருப்பதும் உண்டு. பல இடங்களில் நவம்பர், டிசம்பரிலேயே கதவு மூடிவிடும். ஆகவே பதினோராம் வகுப்பு விடுமுறையிலேயே ஒவ்வொரு இடத்தின் தேதியையும் நாட்காட்டியில் குறித்துவிடுவது நல்லது.

● பென் ஸ்டேட்டின் ஷ்ரையர் ஹானர்ஸ் காலேஜ் எஸ்ஏடி, ஏசிடி மதிப்பெண்களைத் தேர்வுக்குக் கணக்கில் எடுப்பதே இல்லை. கொரோனாவுக்கு வெகு காலம் முன்பிருந்தே இந்த வழக்கம். பள்ளியில் எடுத்த பாடங்கள், வாங்கிய மதிப்பெண்கள், கட்டுரைகள் போன்றவற்றைத்தான் பார்க்கிறார்கள்.

● மதிப்பெண் உயர்ந்திருந்தால் மட்டும் போதாது. எந்தப் பாடத்தில் வாங்கியது என்றும் பார்ப்பார்கள். பள்ளியில் கடினமான ஏ.பி. வகுப்பு இருந்தும் அதைத் தவிர்த்து, எளிதான வகுப்பில் முழு மதிப்பெண் வாங்கியவரைவிட, கடினமானதை எடுத்துச் சற்றுக் குறைவாக வாங்கியவருக்கு வாய்ப்பு அதிகம்.

● ஹானர்ஸ் கட்டுரையில் சாதனைப் பட்டியலைத் திரும்பப் பாட வேண்டாம். அது விண்ணப்பத்தின் வேறு பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறதா? வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஏன் பழுப்பாக வருகிறது என்று தோண்டித் துருவினீர்களா? அதை எழுதலாம். விடை கிடைக்காமல் போயிருந்தாலும் குற்றமில்லை. எங்கே நின்றுபோனது என்று சொன்னாலே ஆராயும் மனம் தெரிந்துவிடும். கல்லூரியின் பெயரை மாற்றினால் எந்த இடத்துக்கும் பொருந்திவிடும் கட்டுரை பெரும்பாலும் எடுபடாது.

● அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாரெட் கல்லூரிக்கு இன்டெல் தலைவராக இருந்த கிரெய்க் பாரெட்டும் மனைவி பார்பராவும் 2000இல் 1 கோடி டாலர் கொடுத்தார்கள். முதலாண்டில் எல்லோரும் எடுக்கும் 'தி ஹியூமன் ஈவன்ட்' என்ற கருத்தரங்கு இரண்டு செமஸ்டர்கள் நீளும். உலகின் பழம்பெரும் நூல்களைப் படித்து வந்து, வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். பேசாமல் இருந்து தப்பிக்க முடியாது.

● மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் 'ஜெம்ஸ்டோன்' திட்டத்தில் மாணவர்கள் அணியாகச் சேர்ந்து ஒரே ஆய்வைப் பட்டம் வாங்கும்வரை ஆண்டுக்கணக்கில் தொடர்கிறார்கள்.

● பல இடங்களில் ஹானர்ஸ் மாணவர்கள் வகுப்புகளுக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். சாதாரணச் சலுகைபோலத் தெரியும். ஆனால் நெருக்கியடிக்கும் கரிம வேதியியல் வகுப்பில் இடம் கிடைக்காமல் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனவர்களைக் கேட்டால் அதன் அருமை புரியும்.

● உள்ளே போன பிறகு நிபந்தனைகள் உண்டு. ஷ்ரையரில் ஜி.பி.ஏ. 3.40க்குக் குறையக் கூடாது, பாரெட்டில் 3.25. இரண்டிலும் ஆய்வேடு எழுதினால்தான் ஹானர்ஸோடு பட்டம். ஷ்ரையர் மாணவர்களின் ஆய்வேடுகள் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. விண்ணப்பிக்கும் முன் உங்கள் பாடத்தில் நாலைந்தைப் புரட்டிப் பாருங்கள். யார் வழிகாட்டினார், எந்த ஆய்வுக்கூடத்தில் வேலை நடந்தது, எவ்வளவு ஆழம் போனார்கள் என்பதெல்லாம் விளம்பரக் கையேட்டைவிட அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

● ஹானர்ஸில் இடம் கிடைத்தால் எல்லா இடத்திலும் பணமும் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். உதவித்தொகை தானாகவே வரும் கல்லூரிகள் உண்டு. தனியே கேட்க வேண்டிய கல்லூரிகள் உண்டு. ஹானர்ஸுக்கென்று தனிக் கட்டணம் வாங்கும் கல்லூரிகளும் உண்டு. பாரெட் இந்தக் கடைசி வகை.

● பள்ளி முடிக்கும்போது இடம் கிடைக்காவிட்டால்? மெக்காலேயில் மறுவாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் ஷ்ரையர், பாரெட் உட்படப் பல கல்லூரிகள், ஏற்கெனவே அதே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன. அப்போது கல்லூரியில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும், வகுப்பில் உங்களைக் கவனித்த பேராசிரியரின் பரிந்துரைக்கும் எடை அதிகம். முதல் செமஸ்டரிலேயே ஏதாவது ஒரு பேராசிரியரின் அலுவல் நேரத்தில் போய்க் கதவைத் தட்டிப் பேசத் தொடங்கிவிடுங்கள்.