கடலுக்கு அடியில் வெல்டிங்: 2 நாள் கழித்து வரும் வெடிப்பு!

காரைக்கால் பகுதியில் திருமலைராயன்பட்டினத்தை அடுத்த வாஞ்சூர் கடற்கரையில் துறைமுகம் இருக்கிறது. 2009-ம் ஆண்டு முதல் அங்கே கப்பல்கள் வந்து போகின்றன.

கப்பலில் பழுது என்றால் கரைக்கு இழுத்து வரலாம். நடுக்கடலில் நிற்கும் எண்ணெய் மேடையின் கால் உடைந்தால்? ஆள்தான் கடலுக்குள் இறங்க வேண்டும்.

தண்ணீரில் நெருப்பு

தண்ணீருக்குள் வெல்டிங் செய்ய முடியுமா? முடியும்! 1932-ம் ஆண்டிலேயே சோவியத் விஞ்ஞானி கிரெனோவ் கருங்கடலில் செய்து பார்த்துவிட்டார்.

மின்சாரப் பொறியின் சூடு பல ஆயிரம் டிகிரி. அந்தச் சூட்டில் ஆவிக் குமிழி ஒன்று உண்டாகிறது. பொறியைத் தண்ணீர் அணைத்து விடாமல் அது காக்கிறது.

சாதாரண இரும்பு என்றால் பெரும்பாலும் ஒட்டிக் கொள்ளும். வலிமை மிகுந்த உருக்கில்தான் சங்கடம்.

கொல்லர் பட்டறை

பழுக்கக் காய்ச்சிய அரிவாளைக் கொல்லர் தண்ணீரில் முக்குகிறார். அரிவாள் கெட்டிப்படுகிறது. அளவுக்கு மேல் கெட்டிப்பட்டால், வெட்டும்போது வாய் உடைந்து விடும். கடலிலும் இதே கதைதான். உருகிய உருக்கு நொடியில் குளிர்ந்து, கெட்டிப்பட்டு, நொறுங்கும் குணம் அடைகிறது.

இன்னொரு எதிரியும் உண்டு. சூட்டில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு உண்டாகிறது. அது உருக்குக்குள் புகுந்து ஒளிந்து கொள்கிறது. பல மணி நேரமோ, சில நாட்களோ கழித்து அந்த இடம் வெடிக்கிறது. வேலை செய்தவர் அப்போது கரையில் இருப்பார்!

123 பேர் பலி

சின்ன வெடிப்புதானே என்று நினைக்கக்கூடாது. 1980 மார்ச் 27-ந் தேதி, நார்வே நாட்டை ஒட்டிய வடகடலில் "அலெக்சாண்டர் கீலண்ட்" என்ற மேடை கவிழ்ந்தது. அதில் இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தனர். ஒரு சிறு கருவியைப் பொருத்தச் செய்த வெல்டிங்கில் வெடிப்பு தொடங்கியது என்று விசாரணையில் தெரிந்தது. அந்த வெல்டிங் கரையில் செய்யப்பட்டது. கரையிலேயே இப்படி என்றால், கடலுக்குள் எவ்வளவு கவனம் வேண்டும்!

தடுக்கும் வழி

உடைந்த இடத்தைச் சுற்றி அறை போல் அமைத்து, தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். உருக்கை முன்கூட்டியே சூடாக்கி, ஈரம் இல்லாத இடத்தில் வெல்டிங் செய்கிறார்கள். இதுவே சிறந்த வழி. செலவு அதிகம். தண்ணீருக்குள்ளேயே செய்ய நேர்ந்தால், முதல் ஒட்டின்மேல் உடனே இன்னொரு ஒட்டுப் போட்டு அதன் கடினத்தைக் குறைக்கிறார்கள்.

முடித்ததும் "சரி" என்று சொல்லிவிடுவது இல்லை. 2 நாள் பொறுத்திருக்கிறார்கள். பிறகு மறுபடியும் ஆள் கடலுக்குள் இறங்கி, வெடிப்பு இருக்கிறதா என்று சோதிக்கிறார்.