கல்லாவை விட்டு இரண்டு நாள்

"நீங்க என்னைக் கடைசியாக் கூட்டிக்கிட்டுப் போன ஊர் எது தெரியுமா? கோவிந்தப்ப நாயக்கன் தெரு!" என்று என் துணைவியார் சொன்னபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. கொள்முதலுக்குப் போன தெருவை ஊர்க் கணக்கில் சேர்க்கிறாரே என்று! பிறகு யோசித்தால், உண்மைதான். கும்மிடிப்பூண்டியில் மளிகைக் கடை வைத்து 19 ஆண்டுகள் ஆகின்றன. காலை ஐந்தரைக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு பத்தரைக்குத்தான் இறக்குகிறோம். நாள் முழுவதும் இருவரும் ஒரே கூரையின் கீழ்தான். ஆனால் பேச்செல்லாம் "துவரம்பருப்பு தீர்ந்துபோச்சு", "எண்ணெய் வண்டி வந்துட்டுப் போச்சு" என்பதோடு சரி.

வணிகப் பெருமக்களே! நம் மாநிலக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டிலேயே கடைச் சிப்பந்திக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை என்று எழுதி வைத்துவிட்டது. 2021-ல் அதைத் திருத்தி, அவர் உட்கார இருக்கை தரவேண்டும் என்றும் சேர்த்தார்கள். நியாயமே. ஆனால் முதலாளிக்கும் அவர் மனைவிக்கும் விடுமுறை எழுதுவது யார்? நாம் கடை அடைப்பது பொங்கலுக்கு, மே 5 வணிகர் தினத்துக்கு, வீட்டில் ஒரு துக்கம் என்றால் அதற்கு. மே 5 அன்றும் மாநாட்டுப் பந்தலில்தான் இருப்போம்.

ஆகவே இரண்டு நாள், ஓர் இரவு, பிள்ளைகள் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் போவது என்று முடிவு செய்தோம். "ஏன், கோயிலுக்குப் போனால் ஆகாதா?" என்றார் என் தாயார். கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிறோம். அங்கேயும் வியாபாரத்தைத்தான் வேண்டிக்கொள்கிறோம். என் மனைவிக்கு ராட்டினம் என்றால் உயிர். பள்ளிச் சுற்றுலாவில் ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி.க்குப் போய், சிலை மனிதரைச் சிரிக்க வைக்கப் பார்த்துத் தோற்ற கதையை இன்றும் சொல்வார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கேளிக்கைப் பூங்காக்களுக்கும் நம் தொழிலுக்கும் தூரம் அதிகமில்லை. வீட்டு உபயோகப் பொருட்களைத் தவணையில் விற்றுப் பெயர் பெற்ற வி.ஜி.பன்னீர்தாஸ்தான் அந்தக் கடற்கரைப் பூங்காவைக் கண்டவர். 1977-ல் வி-கார்டு என்ற பெயரில் ஸ்டெபிலைசர் தயாரிக்கத் தொடங்கிய கொச்சவுசேப் சிட்டிலப்பள்ளி 2000-ல் கொச்சியில் வீகாலாந்தைத் திறந்தார். அதன் வழி வந்த வொண்டர்லா, 2025 டிசம்பரில் நம் சென்னைக்கு அருகே திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் திறக்கப்பட்டது. சுமார் 64 ஏக்கர் பரப்பு, ரூ.611 கோடி முதலீடு, 43 சவாரிகள். நாங்கள் போனது அங்கேதான். திருவள்ளூர் பக்கத்து அன்பர்களுக்கு, பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் பழஞ்சூரில் இருக்கும் குயின்ஸ்லேண்ட் இன்னும் கிட்டம்.

தேதி பார்ப்பதுதான் பெரிய வேலை. சிப்காட் தொழிலாளர்களுக்குச் சம்பளம் வரும் முதல் பத்து நாள் நகர முடியாது. பழைய பாக்கி வசூலாவதும் அப்போதுதான். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதி ஒன்று, 20-ஆம் தேதி ஒன்று. எனவே 21-க்கு மேல் ஒரு செவ்வாய், புதன் என்று வைத்தோம். வாரநாளில் பூங்காவிலும் கூட்டம் குறைவு.

கடையை யாரிடம் விடுவது? கல்லாவில் என் தாயார், சாமான் போட எட்டு வருடமாக இருக்கும் தம்பி. சரிதான் என்று நினைத்தேன். அந்தத் தம்பி கேட்டான்: "அண்ணாச்சி, பாக்கிக்காரங்க வந்து கட்டினா எந்தக் கணக்குல வரவு வைக்கிறது?" அப்போதுதான் உறைத்தது. என் பற்று நோட்டில் 'நீலச் சட்டை', 'பீகார் மேஸ்திரி', 'மூணாவது லைன் அக்கா' என்றுதான் இருக்கிறது. வெளியில் நிற்பது ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். யார் யார் என்பது என் தலைக்குள் மட்டும். நம் பகுதியிலேயே ஒரு கடைக்காரர் திடீரென்று படுத்துவிட்டபோது, அவர் மனைவி நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்ததை நான் பார்த்தவன். பாதிகூட வரவில்லை. பயணத்தை ஒரு மாதம் தள்ளி வைத்தேன். இரவு கடை அடைத்த பின், நான் சொல்லச் சொல்ல என் மனைவி பெயர், கைப்பேசி எண், குடியிருக்கும் லைன் என்று புதிய பேரேடு எழுதினார். சரக்கு அனுப்புபவர்களுக்கும் அந்த இரண்டு நாள் காசோலை போடவேண்டாம் என்று சொல்லி வைத்தோம்.

பிள்ளைகளைச் சமாதானம் செய்வது அதைவிடக் கஷ்டம். பத்தாவது படிக்கும் மகள் புரிந்துகொண்டாள். ஏழாவது படிக்கும் மகனோ, "நாங்க இல்லாம எதுக்குப் போறீங்க?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். முழுப்பரீட்சை லீவில் தனியாக ஒரு பயணம் என்று வாக்குக் கொடுத்தபின்தான் இறங்கி வந்தான்.

ஜி.என்.டி. சாலையிலிருந்து வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் நகருக்குள் நுழையாமல் வண்டலூர் போய்விடலாம். அங்கிருந்து கேளம்பாக்கம், திருப்போரூர். திருவள்ளூர்க்காரர்கள் திருநின்றவூர் தாண்டி நெமிலிச்சேரியில் ஏறிக்கொள்ளலாம். நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம் என்பதால் விடியலில் கிளம்புவது நல்லது. தண்ணீர் விளையாட்டுக்கு வேட்டி, சேலை, பருத்தித் துணி ஆகாது; நைலான் போன்ற துணியில்தான் உடை வேண்டும். நம் ஊர் ஜவுளிக் கடையிலேயே வாங்கிச் செல்லுங்கள், உறுப்பினர் ஒருவருக்கு வியாபாரம் ஆகட்டும்! இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்கள் பெரிய சவாரிகளில் ஏறக்கூடாது. நம்மில் மாத்திரை போடாதவர் எத்தனை பேர்?

நானும் மாத்திரைக்காரன்தான். ஆகவே கால்களைத் தொங்கவிட்டபடி தலைகீழாகச் சுழற்றும் தஞ்சோரா ரோலர் கோஸ்டரில் என் மனைவி ஏற, நான் அவர் கைப்பையைப் பிடித்துக்கொண்டு கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இறங்கி வந்தவர் முடி கலைந்து, மூச்சு வாங்க, "இன்னொரு தடவை போகட்டுமாங்க?" என்று கேட்டார். கல்லாவில் சில்லறை எண்ணும் அந்த முகத்தை இப்படிப் பார்த்து எத்தனை வருடமாயிற்று! அலைக் குளத்தில் இருவருமாக இறங்கினோம். கைப்பேசிகள் லாக்கரில். மூன்று மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் பதினொரு அழைப்புகள். ஒன்பது கம்பெனி சேல்ஸ்மேன்கள், இரண்டு வட்டிக்காரர். வீட்டிலிருந்து ஒன்றுகூட இல்லை. அன்றிரவு மாமல்லபுரத்தில் தங்கி, மறுநாள் காலை திருப்போரூர் கந்தனைத் தரிசித்துவிட்டுத் திரும்பினோம். தாயாரின் மனமும் குளிர்ந்தது.

கணக்கு பார்த்தேன். இரண்டு நாள் விற்பனை வழக்கத்தைவிடக் கால்வாசி குறைவு. பாக்கி கட்டியவர்கள் நான்கு பேர். மூவர் வரவு சரியான பக்கத்தில். நான்காவதை மாற்றி எழுதியது மகன்தான். பள்ளி விட்டு வந்து ஆச்சிக்குத் துணையாக உட்கார்ந்தானாம். "அப்பா, பழைய நோட்டுல உங்க எழுத்தே புரியல" என்றான். இப்போது சனிக்கிழமை மாலைகளில் அவன்தான் பழைய நோட்டைப் பேரேட்டுக்குப் பெயர்த்து எழுதுகிறான். இன்னும் 14 பேர் கணக்கு பாக்கியிருக்கிறது.