பழைய கம்ப்யூட்டருக்கு எதை மாற்றுவது, எதை விடுவது?

திட்டக்குடியில் என் சித்தப்பா ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறார். பட்டா மாறுதல் மனு, முதியோர் உதவித்தொகை விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை என எல்லாமே ஒரே கம்ப்யூட்டரில்தான். 2012ல் வாங்கியது. இன்டெல் கோர் ஐ3-2120 ப்ராசசர், எச்61 மதர்போர்டு, 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 உடன் வந்தது, பின்னர் விண்டோஸ் 10க்கு மாறியது.

2025 ஆகஸ்டில் ஊருக்குப் போனபோது அந்தக் கம்ப்யூட்டர் பூட் ஆக நான்கு நிமிடங்களுக்கு மேல் எடுத்துக் கொண்டது. மனு எழுத வந்த பாட்டி ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். "கடைக்காரர் எல்லாத்தையும் மாத்தணும், முப்பத்திரண்டாயிரம் ஆகும்னு சொல்றார் தம்பி. என்கிட்ட பத்தாயிரம்தான் இருக்கு" என்றார் சித்தப்பா.

அந்தப் பத்தாயிரத்திற்குள் வேலையை முடித்தோம். எதை முதலில் மாற்றினோம், எதை வாங்காமல் விட்டோம், ஏன் என்று இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் இது உதவும்.

முதலில் பைல்கள், பிறகு பார்ட்ஸ்

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச புரோகிராம் இதற்குப் போதும். ஹார்ட் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்புகளை இது படித்துக் காட்டும். நீல நிறத்தில் "குட்" என்று வந்தால் கவலை இல்லை. மஞ்சள் நிறத்தில் "காஷன்" என்று வந்தால் டிஸ்க்கில் சில இடங்கள் கெட ஆரம்பித்துவிட்டன என்று பொருள். சிவப்பு என்றால் அன்றைக்கே பைல்களை வேறு இடத்தில் காப்பி செய்துவிட வேண்டும்.

சித்தப்பாவின் டிஸ்க்கில் மஞ்சள் வந்தது. பதின்மூன்று வருட பத்திரிகை டிசைன்களும், வாடிக்கையாளர்களின் மனுக்களும் அதில் மட்டுமே இருந்தன. வேறு காப்பி கிடையாது. வேகம் குறைந்தது தொல்லை என்றால், இதுதான் உண்மையான ஆபத்து. ஆகவே எங்கள் முதல் செலவு கம்ப்யூட்டருக்குள் போகவில்லை. 1 டி.பி. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றை ரூ.4,400க்கு வாங்கி எல்லாவற்றையும் அதில் காப்பி செய்தோம்.

டி.டி.பி. வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய தமிழ் பாண்ட்களையும் மறக்காமல் காப்பி செய்யுங்கள். விண்டோஸ் போல்டருக்குள் பாண்ட்ஸ் என்ற போல்டரில் அவை இருக்கும். புதிதாக விண்டோஸ் பதிந்த பிறகு பைல் திறக்கும், ஆனால் பாண்ட் இல்லாவிட்டால் எழுத்துகள் புரியாத குறிகளாகத் தெரியும்.

எங்கே அடைப்பு என்று பாருங்கள்

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மானேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் டேபைக் கிளிக் செய்யுங்கள். சி.பி.யு., மெமரி, டிஸ்க் என வரிசையாக இருக்கும். வழக்கமாகச் செய்யும் வேலையை அப்போது செய்து பாருங்கள்.

டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றுகொண்டு, சி.பி.யு. 20, 30 என்று இருந்தால் ப்ராசசர் மீது குற்றம் இல்லை. அது டிஸ்க்கிற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால் ராம் போதவில்லை. சி.பி.யு. எப்போதும் 100ல் இருந்தால் மட்டுமே ப்ராசசரைப் பற்றி யோசிக்க வேண்டும். மெமரியைக் கிளிக் செய்தால், மொத்தம் எத்தனை ஸ்லாட், எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்றும் தெரியும்.

சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் டிஸ்க் 100, மெமரி 88, சி.பி.யு. 25. இரண்டு ராம் ஸ்லாட்டில் ஒன்று காலி. எதை வாங்க வேண்டும் என்பதை அந்தக் கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது.

எஸ்.எஸ்.டி.: அதிகப் பலன் தரும் மாற்றம்

ஹார்ட் டிஸ்க்கில் தட்டு ஒன்று நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்கிறது. தேவையான இடம் ஹெட்டுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக 4 மில்லி விநாடி ஆகும். ஹெட் நகர்வதற்கு இன்னும் 8, 9 மில்லி விநாடி. ஆக, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சிறு பைல்களை விநாடிக்கு எண்பது முறைதான் அதனால் எடுத்துத் தர முடியும். விண்டோஸ் பூட் ஆகும்போது ஆயிரக்கணக்கான சிறு பைல்களைக் கேட்கிறது. தாமதத்தின் காரணம் இதுதான்.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பொருள் எதுவும் இல்லை. எந்த இடத்தில் இருக்கும் பைலையும் ஏறத்தாழ 0.1 மில்லி விநாடியில் எடுத்துவிடும்.

பழைய மதர்போர்டுகளுக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்க வேண்டும். குச்சி போல் இருக்கும் எம்.2 வகை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அதற்கான ஸ்லாட் 2012ம் ஆண்டு போர்டுகளில் இருக்காது. எச்61 போர்டின் சாட்டா போர்ட் விநாடிக்கு 300 எம்.பி. வரைதான் தரும், எஸ்.எஸ்.டி.யோ 500 எம்.பி.க்கு மேல் தரக்கூடியது. பாதி வீணாகிறதே என்று நினைக்க வேண்டாம். நாம் தேடுவது சிறு பைல்களை எடுக்கும் வேகம். அது பழைய போர்ட்டிலும் கிடைக்கும்.

விண்டோஸ் பதியும் முன் பயாஸில் சாட்டா மோட் ஏ.எச்.சி.ஐ. என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பதிந்த பிறகு மாற்றினால் நீலத் திரை வந்து நிற்கலாம். அதே மதர்போர்டில் ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 என்றால், மீண்டும் பதியும்போது கீ கேட்கும் இடத்தைத் தாண்டிச் செல்லலாம். இன்டர்நெட் இணைப்பு கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். எஸ்.எஸ்.டி.க்கு டீபிராக் தேவையில்லை. அதற்கு வேண்டியதை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

240 ஜி.பி. எஸ்.எஸ்.டி.க்கு ரூ.1,650 ஆயிற்று. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டோம். மஞ்சள் காட்டிய டிஸ்க்கைப் பேக்கப்பிற்குப் பயன்படுத்துவது ஓட்டைப் பானையில் அரிசி சேமிப்பது போல.

ராம்: பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள்

காலேஜில் படிக்கும்போது என் கம்ப்யூட்டருக்கு டி.டி.ஆர்.4 ராம் வாங்கி வந்து, ஸ்லாட்டில் ஏறவில்லை என்று விழித்தவன் நான். என் போர்டு டி.டி.ஆர்.3. இரண்டிலும் நடுவில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும், மின்னழுத்தமும் வேறு. பார்வைக்கு ஒன்று போலத் தெரிந்தாலும் ஒன்றில் மற்றொன்று சேராது. பழைய ராமைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வதே நல்லது.

இன்னொரு பொறியும் உண்டு. 8 ஜி.பி. டி.டி.ஆர்.3 ராம் மிக மலிவாக வந்தால், அது ஏ.எம்.டி. போர்டுகளில் மட்டும் வேலை செய்யும் வகையாக இருக்கலாம். இன்டெல் போர்டில் போட்டால் திரையே வராது. "இன்டெல் போர்டுக்கு ஆகுமா, ஆகாவிட்டால் திருப்பி எடுப்பீர்களா" என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

காலியாக இருந்த ஸ்லாட்டில் இன்னொரு 4 ஜி.பி. போட்டோம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பயன்படுத்திய ராம் ரூ.650க்குக் கிடைத்தது. இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவு ராம் இருந்தால் ப்ராசசர் இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கும். அதுவும் ஒரு லாபம். 32 பிட் விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். 4 ஜி.பி.க்கு மேல் எவ்வளவு போட்டாலும் அது பயன்படுத்தாது. 64 பிட் விண்டோஸ் பதிய வேண்டும்.

மெமரி விலை பற்றி ஒரு வார்த்தை. 2025ன் பிற்பகுதியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டதால் உலகெங்கும் விலை ஏறியது. மைக்ரான் நிறுவனம் குருசியல் என்ற பெயரில் வீட்டுப் பயனாளர்களுக்கு விற்றுவந்த ராம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எனவே நான் சொல்லும் விலைகள் 2025 ஆகஸ்டில் நான் கொடுத்தவை. நீங்கள் வாங்கும் நாளில் இரண்டு மூன்று கடைகளில் விசாரித்துக் கொள்ளுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.: யாரும் பார்க்காத பெட்டி

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. அடுத்த வருடம் தமிழகம் முழுவதும் நீண்ட மின்வெட்டு. அந்தக் காலத்தில் வாங்கிய கம்ப்யூட்டர், போவதும் வருவதுமான கரண்ட்டில்தான் வளர்ந்தது. அந்த அடியை முதலில் வாங்கியது எஸ்.எம்.பி.எஸ்.

கேபினட்டுடன் இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பாமல், கீழே உள்ள அட்டவணையில் 12 வோல்ட் பகுதியைப் பாருங்கள். அங்கே 14 ஆம்பியர் என்றிருந்தால் 12ஐ 14ஆல் பெருக்குங்கள். 168 வாட்தான். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அதிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன.

சித்தப்பாவின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் விசிறி கரகரத்தது, அவ்வப்போது கம்ப்யூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆனது. நல்ல கம்பெனியின் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸை ரூ.2,400க்கு மாற்றினோம். எச்சரிக்கை: பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெபாசிட்டர்களில் ஷாக் அடிக்கும் அளவிற்கு மின்சாரம் தங்கியிருக்கும். கேபினட்டைத் திறந்த கையோடு மதர்போர்டில் உள்ள கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் அந்த போர்டில் மேற்கொண்டு பணம் போடாதீர்கள்.

40 ரூபாயில் தீர்ந்த பிரச்சினை

ஒவ்வொரு நாள் காலையிலும் தேதி பழைய வருடத்திற்குப் போய்விடும். அதனால் அரசு இணையதளங்களைத் திறந்தால் "பாதுகாப்பற்றது" என்று பிரவுசர் மறுக்கும். வைரஸ் என்று நினைத்து இரண்டு முறை பார்மட் செய்ய வைத்திருக்கிறார்கள். காரணம், மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 என்ற பொத்தான் பேட்டரி தீர்ந்ததுதான். ரூ.40க்கு மாற்றினோம். கூடவே ப்ராசசர் மீது தூசியைத் துடைத்து, ரூ.150க்கு புது தெர்மல் பேஸ்ட் போட்டோம்.

வாங்காமல் விட்டவை

அதே சாக்கெட்டில் நான்கு கோர் கொண்ட ஐ5-3470 ப்ராசசரைப் பொருத்தலாம். பழைய எச்61 போர்டுகளில் அதற்குப் பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடலாம். சி.பி.யு. 25 சதவீதம்தான் வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டோமே! அதனால் விட்டோம்.

கிராபிக்ஸ் கார்டு கேம் விளையாடவும், வீடியோ எடிட் செய்யவும் உதவும். மனு டைப் செய்ய ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் தாராளம்.

விண்டோஸ் கேள்வி

விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை ப்ராசசரும் டி.பி.எம். 2.0ம் வேண்டும். ஐ3-2120 இரண்டாம் தலைமுறை. குறுக்கு வழியில் பதியலாம் என்று சொல்வார்கள். பிழைப்புக்கான கம்ப்யூட்டரில் அதைச் செய்யாதீர்கள்.

விண்டோஸ் 10ஐ வைத்திருப்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தரும் திட்டத்தை மைக்ரோசாப்ட் அறிவித்தது. செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் அதில் சேரலாம். சித்தப்பா கம்ப்யூட்டரைச் சேர்த்துவிட்டேன். பிரவுசரும் மெயிலும் மட்டும் பார்ப்பவர்கள் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச சிஸ்டத்திற்கு மாறலாம். சித்தப்பாவுக்குப் பேஜ்மேக்கர் வேண்டும், அது லினக்ஸில் நேரடியாக ஓடாது. ஆகவே அந்தத் திட்டம் முடிந்ததும் இந்தக் கம்ப்யூட்டரின் இன்டர்நெட்டைத் துண்டித்து, பத்திரிகை டிசைனுக்கு மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். பணம் கட்டுவது, ஓ.டி.பி. வாங்குவது எல்லாம் அடுத்து வாங்கும் கம்ப்யூட்டரில்தான்.

கணக்கு

எக்ஸ்டர்னல் டிஸ்க் 4,400, எஸ்.எஸ்.டி. 1,650, ராம் 650, எஸ்.எம்.பி.எஸ். 2,400, பேட்டரி 40, பேஸ்ட் 150. மொத்தம் ரூ.9,290.

இதில் ஒரு கேள்வியைத்தான் ஒவ்வொரு பொருளுக்கும் கேட்டோம்: "இது அடுத்த கம்ப்யூட்டருக்கும் கூட வருமா?" எக்ஸ்டர்னல் டிஸ்க் வரும். எஸ்.எஸ்.டி. வரும். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் வரும். இந்த மூன்றும் சேர்த்து ரூ.8,450. பழைய பெட்டியோடு போவது ரூ.840 மட்டும். வயதான கம்ப்யூட்டரில் செலவு செய்பவர்கள் இந்தக் கேள்வியை மறக்கக் கூடாது. கூட வராத பொருள்களில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போட வேண்டி வந்தால், அந்தப் பணத்தைப் புதியதற்குச் சேர்த்து வைப்பதே மேல்.

எல்லாம் முடிந்து பவர் பட்டனை அழுத்தியபோது 35 விநாடியில் டெஸ்க்டாப் வந்தது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் துணியில் சுற்றி, கடையில் வைக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனார். அதுதான் சரி. பேக்கப் என்பது கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் இருக்கக் கூடாது.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இன்றே டாஸ்க் மானேஜரைத் திறந்து பாருங்கள். எதை மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லும்.