கவதி சஹா என்னும் வாசனைப்புல்

புனே நகரின் காய்கறிக் கடைகளில், கொத்துமல்லிக் கட்டுகளின் அருகே, நீண்ட பச்சைத் தாள்களை மடித்துக் கட்டிய சிறு முடிச்சுகள் கிடக்கக் காண்கிறோம். மராத்தியர் இதனைக் 'கவதி சஹா' என்பர். 'கவத்' என்றால் புல்; 'சஹா' என்றால் தேநீர். பெயரைக் கேட்டு, இது தேயிலையின் ஒரு வகை என்று புதிதாய்க் குடியேறிய நம்மவர் கருதுவதுண்டு. தேயிலைச் செடிக்கும் இதற்கும் யாதோர் உறவும் இல்லை. கரும்பும் சோளமும் வெட்டிவேரும் அடங்கிய புல்லினத்தைச் சேர்ந்தது இது. தமிழில் எலுமிச்சைப்புல் என்றும் வாசனைப்புல் என்றும் வழங்குவது இதுவேயாம்.

எலுமிச்சை மணத்தைத் தருவது 'சிட்ரால்' என்னும் பொருள். இப்புல்லின் எண்ணெயில் பெரும்பகுதி அதுவே. சவர்க்காரத்திற்கு மணமூட்டவும், வைட்டமின் 'ஏ' தயாரிக்கவும் அது பயன்படுகிறது. இதன் உடன்பிறப்பான மற்றொரு புல்லின் எண்ணெய்க்குக் கேரளம் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. அதனை ஆராய 1951-ஆம் ஆண்டில் ஓடக்காலியில் ஒரு நிலையமே நிறுவப்பட்டது. இலங்கையிலோ இப்புல் தேநீரைவிடக் குழம்பிற்கே மிகுதியும் உரியது.

மராத்திய இல்லங்களில், மழைக்காலத்தில் இஞ்சியும் இப்புல்லும் சேராத தேநீர் அரிது. சளி பிடித்தால் பாலை விலக்கி, துளசி, இஞ்சி, வெல்லம் கூட்டிக் 'காடா' எனும் கஷாயமாக்குவர். காப்பியன்றி வேறறியாத நம் நாவிற்கும் இது விரைவில் பழகிவிடுகிறது. இரு குவளை நீருக்கு இரண்டு மூன்று தாள்கள் போதும். மணம் ஆவியோடு போய்விடும் இயல்பினது. ஆதலால் கொதித்த நீரில் இட்டு மூடி வைத்தலே முறை. தாளின் ஓரம் கையை அறுக்கும், கத்தரியால் நறுக்குக.

இனி, இது மருந்தா? சூடான கஷாயம் தொண்டைக்கு இதமளிக்கும், வியர்வையை வருவிக்கும், வயிற்றுப் பொருமலுக்கும் கொடுப்பது வழக்கம். நல்ல உறக்கம் தரும் என்ற நம்பிக்கை பிரேசில் நாட்டிலும் உண்டு. ஆனால் அந்நாட்டு ஆய்வாளர் மனிதரிடையே சோதித்து 1986-இல் வெளியிட்ட முடிவில், அத்தகைய விளைவு எதுவும் தென்படவில்லை. மணத்தின் இதத்தையே மருந்தின் ஆற்றல் எனக் கொள்கிறோம் போலும்.

இவ்வேறுபாட்டை மழைக்காலத்தில் மறத்தலாகாது. புனேயில் டெங்குக் காய்ச்சல் பரவும் பருவமும் அதுவே. காய்ச்சல் கண்ட குழந்தைக்குக் கஷாயத்தை மட்டும் கொடுத்து நாட்களைக் கடத்துவது ஆபத்து. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருவுற்ற மகளிர் மருத்துவரைக் கேளாமல் இக்கஷாயத்தைப் பருகுதல் நன்றன்று.

வாடகை வீட்டினரும் இதனை வளர்க்கலாம். வேரோடு கூடிய ஒரு தூரைப் பெற்று, வெயில் படும் இடத்தில் அகன்ற தொட்டியில் நடுக. நீர் தேங்கலாகாது. புதர் அடர்ந்ததும் தூரைப் பிரித்து அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம். வேண்டாமென்பார் இவ்வூரில் அரியர்.